பாய்கின் ஸ்பானியல்

பாய்கின் ஸ்பானியல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கப் பத்தாண்டுகளில் உருவான சிறிய வேட்டை நாய் இனம். முழங்கால் உயரம், ஈரல் நிறம் எனப்படும் ஆழ்ந்த பழுப்பு, தொங்கும் காது, அலையலையான முடி. புதரில் பதுங்கியிருக்கும் பறவையை எழுப்பி விடுவதும், சுட்டு வீழ்த்திய பறவையை நீரிலிருந்தும் நிலத்திலிருந்தும் கவ்விவந்து கொடுப்பதும் இதன் தொழில். 1985இல் தென் கரோலினா இதைத் தன் மாநில நாயாக அறிவித்தது. அரச குடும்பத்து மடியில் வளர்ந்து ஓவியங்களில் இடம்பிடித்த ஐரோப்பிய ஸ்பானியல்களின் பழம்பெருமை இதற்குக் கிடையாது. திக்கற்றுத் திரிந்த ஒரு நாயும், ஆற்றில் போன ஒரு படகும்தான் இதன் பூர்வீகம். அந்த இரண்டில் படகுக்கே பங்கு அதிகம்.

ஆறும் படகும்

வாட்டரி ஆறு கேம்டன் நகரை ஒட்டித் தெற்கே இறங்கி, காங்கரி ஆற்றோடு கலந்து சாண்டி ஆறாகிறது. இடைப்பட்ட தூரம் முழுக்கச் சதுப்பு. வெள்ளம் ஏறினால் மரங்களின் அடி நீருக்குள் போய்விடும். வாத்தும் காட்டு வான்கோழியும் மானும் அங்கே நிறைந்திருந்தன. சாலை வசதி இல்லாத அந்நாளில் வேட்டைக்காரர்களுக்கு ஆறுதான் பாதை. அதற்காகவே அவர்கள் ‘செக்‌ஷன் போட்’ என்ற ஒருவகைப் படகை வைத்திருந்தார்கள். இரண்டு மூன்று பகுதிகளாகக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், கரையில் மறுபடி பொருத்தி நீரில் இறக்கலாம். கொண்டுபோக வசதி, உட்கார்ந்தால் நெருக்கடி. ஆள், துப்பாக்கி, தோட்டா, உணவு, படுக்கை எல்லாம் ஏற்றிய பிறகு மிச்சமிருக்கும் மூலையில்தான் நாய்.

அன்று அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் பேர்போன நாய் செசபீக் பே ரிட்ரீவர். 25 முதல் 35 கிலோ எடையுள்ள அந்த நாய் ஆர்வத்தில் ஒரு பக்கமாக எழுந்து நின்றாலே இந்தப் படகு சாய்ந்துவிடும். வீழ்ந்த வாத்தை எடுக்கக் குதித்து, நனைந்த உடம்போடு திரும்ப ஏறும்போது கேட்கவே வேண்டாம். பெரிய நாயின் நீச்சலும் ஊக்கமும் வேண்டும், உடம்பு மட்டும் பாதியாக இருக்க வேண்டும் என்பது ஆற்று வேட்டைக்காரர்களின் தேவை. படகை ஆட்டாத நாய் என்று பாய்கினைப் பற்றி இன்றைக்கும் அந்த ஊரில் பெருமையாகச் சொல்வது இந்தப் பழைய தேவையை வைத்துத்தான்.

வான்கோழி வேட்டை இன்னொரு குணத்தையும் கேட்டது. இலையுதிர் காலத்தில் காட்டு வான்கோழிகள் கூட்டமாக மேயும். நாய் குரைத்துக்கொண்டே கூட்டத்தின் நடுவில் பாய, பறவைகள் திசைக்கொன்றாகச் சிதறும். வேட்டைக்காரர் அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தழைகளை வைத்து மறைவு கட்டிக்கொண்டு உட்காருவார். சிதறிய பறவைகள் சற்று நேரத்தில் ஒன்றையொன்று கூப்பிடத் தொடங்கும். அவரும் கையிலுள்ள சிறு கருவியால் அதே குரலை எழுப்பி அவற்றை அருகே வரவழைப்பார். இவ்வளவு நேரமும் நாய் அவர் காலடியில் அசையாமல் கிடக்க வேண்டும். ஒரு கணம் முன்புவரை தலைகால் தெரியாமல் ஓடிக் குரைத்த அதே நாய்! வான்கோழியின் கண்ணும் காதும் மிகக் கூர்மையானவை. காய்ந்த சருகில் வால் ஒருமுறை அடித்தால் அன்றைய வேட்டை முடிந்தது. பாய்கினின் வாலைக் குட்டியிலேயே நறுக்கிவிடும் வழக்கத்துக்கு வேட்டைக்காரர்கள் சொல்லும் காரணம் இது. ஆனால் வேட்டை ஸ்பானியல்களுக்கு வால் நறுக்குவது முன்பே பரவலாக இருந்த வழக்கம் என்பதால், இந்த விளக்கம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம்.

டம்பியும் சிங்கோவும்

இனத்தின் தோற்றம் பற்றிய கதை பெரும்பாலும் வாய்வழியாக வந்தது. அலெக்சாண்டர் ஒயிட் என்பவர் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள ஸ்பார்ட்டன்பர்க் நகரவாசி. அங்கே முதல் பிரஸ்பிட்டேரியன் தேவாலயத்துக்கு அவர் நடந்து போகும் வழியில், ஸ்பானியல் சாயல் கொண்ட ஒரு சிறிய பழுப்பு நாய் அவரோடு ஒட்டிக்கொண்டது. 1900 என்று ஆண்டு சொல்பவர்கள் உண்டு. அதற்குப் பத்தாண்டு பிந்தியது என்பவர்களும் உண்டு. டம்பி என்று பெயரிட்டு வளர்த்தவர், அதற்குப் பறவை வேட்டையில் இருந்த நாட்டத்தைக் கண்டு, கேம்டன் பக்கத்திலிருந்த தம் வேட்டை நண்பருக்கு அனுப்பிவைத்தார்.

அந்த நண்பர்தான் லெமுவேல் விட்டேக்கர் பாய்கின் (1861–1932), ஊராருக்கு ‘விட்’ பாய்கின். கேம்டனுக்குத் தெற்கே அவர் குடும்பத்தின் பெயரையே தாங்கிய பாய்கின் என்ற சிற்றூரில், வேட்டையிலும் நாய் வளர்ப்பிலும் தேர்ந்தவராக அறியப்பட்டவர். அவர் பழக்கியதும் டம்பி வான்கோழியையும் வாத்தையும் ஒருசேரச் சமாளித்தது. பின்னர் கேம்டன் ரயில் நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்ததாகச் சொல்லப்படும் சிங்கோ என்ற பெண் நாய் அதற்கு இணையானது. இன்றைய பாய்கின்கள் இந்த இணையின் வழிவந்தவை என்பதே வழிவழியாகச் சொல்லப்படுவது.

ஒரே ஒரு இணையால் ஓர் இனம் நிலைபெற்றிருக்க முடியாது. பாய்கினும் அக்கம்பக்கத்து வேட்டைக்காரர்களும் வேறு நாய்களைச் சேர்த்துத்தான் விருத்தி செய்தார்கள். செசபீக் பே ரிட்ரீவர், ஸ்பிரிங்கர் ஸ்பானியல், காக்கர் ஸ்பானியல், அமெரிக்கன் வாட்டர் ஸ்பானியல் ஆகியவை பொதுவாகச் சொல்லப்படும் கலப்புகள். யாரும் அப்போது கணக்கு எழுதிவைக்கவில்லை. நாயின் முடியையும் நிறத்தையும் நீந்தும் ஆவலையும் பார்த்துப் பிற்காலத்தவர் ஊகித்தது இந்தப் பட்டியல். எழுதி வைக்காததில் ஒரு நன்மையும் இருந்தது. வேட்டையில் தேறிய நாய்க்குத்தான் குட்டி. தேறாததற்கு எவ்வளவு அழகிருந்தும் பயனில்லை.

ஊர் தாண்டியது

குளிர்காலத்தில் வட மாநிலச் செல்வந்தர்கள் வந்து தங்கும் ஊராகக் கேம்டன் அப்போது பேர்பெற்றிருந்தது. குதிரையேற்றமும் வேட்டையும் அவர்களை இழுத்தன. வேட்டைக்கு வந்த விருந்தினர்களுக்குக் குட்டிகள் பரிசாகப் போனதில், ‘சதுப்பு பூடில்’ என்று கேலியாகவும் ‘சின்னப் பழுப்பு நாய்’ என்று செல்லமாகவும் அழைக்கப்பட்ட இந்த நாய் தென் மாநிலங்களின் கடலோரமெங்கும் பரவியது. காடழிப்பாலும் மிகைவேட்டையாலும் வான்கோழி அரிதானபோது, வாத்து வேட்டையோடு புறா வேட்டையும் இதன் முதன்மைப் பணியானது. புறாவுக்கான பருவம் தென் கரோலினாவில் செப்டம்பர் வெயிலிலேயே தொடங்கிவிடும். அந்தச் சூட்டில் லாப்ரடாரைவிட இந்தச் சிறிய நாய் தாக்குப்பிடிக்கிறது என்பது வேட்டைக்காரர்களின் அனுபவம்.

வேட்டைப் பருவம் வருடத்தில் சில மாதங்கள்தான். மற்ற நாட்களில் இது வீட்டுக்குள் குழந்தைகளோடு கிடந்தது. தனிக் கொட்டிலில் அடைத்து வளர்ப்பதைவிட வீட்டோடு வைத்திருப்பதே இதற்கு ஒத்துவந்தது. ஆள் கூட்டத்தை விரும்பும், சொன்னதைப் பிடித்துக்கொள்ளும், கடிந்து பேசினால் சுருங்கிப்போகும். குடும்ப நாய் என்று பேர் வாங்கியது இதனால். ஆனால் வீட்டுக்குள் சாந்தமாக இருப்பதைப் பார்த்துச் சோம்பல் நாய் என்று நினைத்தவர் ஏமாறுவார். தினமும் ஓடவும் முடிந்தால் நீந்தவும் விடாவிட்டால் செருப்பும் சோஃபாவும் மிஞ்சாது.

பதிவேடும் பிணக்கும்

எழுபது ஆண்டுகளாகப் பதிவேடே இல்லாமல் ஓடிய இனம் இது. 1970களில் பழுப்பு நிற ஸ்பானியல் எதையும் பாய்கின் என்று விற்கும் நிலை வந்தபோதுதான் கவலை பிறந்தது. 1975இல் ‘சவுத் கரோலைனா வைல்ட்லைஃப்’ இதழில் மைக் க்ரீல் எழுதிய கட்டுரை இனத்தின் கதையைப் பரவலாகக் கொண்டுசென்றது. 1977இல் பாய்கின் குடும்பத்தாரின் முயற்சியில் பாய்கின் ஸ்பானியல் சங்கம் தோன்றியது. 1979இல் வம்சாவளிப் பதிவேடு தொடங்கியது. 1985இல் நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமைப்பான யுனைடெட் கென்னல் கிளப் இனத்தை ஏற்றது.

நாடு முழுதும் செல்வாக்குள்ள அமெரிக்கன் கென்னல் கிளப்பில் சேர்வது பற்றித்தான் வளர்ப்பவர்களிடையே பிணக்கு. கண்காட்சி மேடை வந்தால் முடியையும் முகத்தையும் பார்த்து விருத்தி செய்வார்கள், வேட்டைக் குணம் நீர்த்துப்போகும் என்று பழைய வேட்டைக்காரர்கள் அஞ்சினார்கள். இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. பக்கத்திலேயே அமெரிக்கன் காக்கர் ஸ்பானியல் இருந்தது: ஒரு காலத்தில் வேட்டை நாய், மேடைக்காக முடி தரையைத் தொடுமளவு வளர்க்கப்பட்டு, முட்புதருக்குள் நுழைந்தால் சிக்கிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிட்டது. ஸ்பிரிங்கரும் மேடைக்கு ஒன்று, வயலுக்கு ஒன்று என இரு கிளையாகப் பிரிந்துபோனது. எதிர்ப்புகளை மீறி, வேறொரு சங்கத்தின் முயற்சியால், 2009 டிசம்பரில் அமெரிக்கன் கென்னல் கிளப் பாய்கினை வேட்டை நாய்ப் பிரிவில் சேர்த்தது. 2011இல் நியூயார்க்கின் வெஸ்ட்மின்ஸ்டர் கண்காட்சியில் அது முதன்முதலாக மேடையேறியது. பழைய சங்கம் தன் பதிவேட்டையும் களப் போட்டிகளையும் தனியே நடத்திவருகிறது. இரண்டிலும் பதிவான நாய்களும் உண்டு.

உடலும் நலமும்

ஆண் நாய் 39 முதல் 46 செ.மீ. உயரமும் 14 முதல் 18 கிலோ எடையும் இருக்கும். பெண் நாய் 36 முதல் 42 செ.மீ., 11 முதல் 16 கிலோ. காக்கரைவிட உயரம் சற்று அதிகம், முடி குறைவு, முகம் நீளம். மார்பில் சிறிய வெள்ளைத் திட்டு இருக்கலாம். வேறு நிறக் கலப்புக்கு இடமில்லை. கண் மஞ்சளிலிருந்து பழுப்புவரை இருக்கும். மஞ்சள் கண்ணுள்ளவை பார்ப்பதற்குக் கடுமையாகத் தோன்றினாலும் குணம் ஒன்றுதான்.

சில நாய்களிலிருந்து பெருகிய இனம் என்பதால் பரம்பரை நோய்கள் தலைகாட்டுகின்றன. இடுப்பு மூட்டுக் கோளாறு அவற்றில் முக்கியமானது. இதயக் கோளாறும் கண் கோளாறும் உண்டு. வேட்டைக்காரரை மிகவும் பயமுறுத்துவது ஓட்டத்தில் தளர்ந்துவிழும் நோய்: ஐந்து முதல் இருபது நிமிடம் மூச்சிரைக்க ஓடிய நாய்க்குப் பின்னங்கால் தள்ளாடிச் சாய்ந்துவிடும். பெரும்பாலும் ஓய்வில் தேறிவிடும். உடல் சூடு மிகையேறினால் உயிருக்கும் ஆபத்து, நீரில் இருக்கும்போது நேர்ந்தால் மூழ்கிவிடவும் கூடும். டிஎன்எம்1 என்ற மரபணுவின் மாற்றம் இதற்குக் காரணம் என்று லாப்ரடார்களை ஆராய்ந்த மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் 2008இல் கண்டறிந்தனர். அதே மாற்றம் பாய்கினிலும் இருக்கிறது. தாய், தந்தை இரண்டிடமிருந்தும் வந்தால்தான் நோய் வெளிப்படும். ஒன்றிலிருந்து மட்டும் பெற்ற நாய் நலமாக ஓடித் திரியும், குட்டிகளுக்குக் கடத்திவிடும். மரபணுச் சோதனையில் இது தெரிந்துவிடுவதால், குட்டி வாங்குவோர் பெற்றோர் நாய்கள் இரண்டின் சோதனை முடிவையும் இடுப்பு எக்ஸ்ரே சான்றையும் கேட்டுப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவருகிறது.