டூத்பேஸ்ட் கலர் கோடு முதல் 890 வரை... பாக்கெட்டின் பின்பக்கம் சொல்லும் விஷயங்கள்!

ஒரு பொருளை வாங்கும்போது நாம பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்துத்தான் வாங்குறோம். ஹீரோயின் சிரிப்பு, 'புதிய சுவை', '20% எக்ஸ்ட்ரா' எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆனா, நம்ம பர்ஸுக்கும் வயித்துக்கும் தேவையான தகவல்கள் பின்பக்கத்துல குட்டிக் குட்டி எழுத்துல ஒளிஞ்சிருக்கு. அதுல சிலதுக்கு வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் தவறான அர்த்தத்தையும் சொல்லிட்டிருக்கு. எது உண்மை, எது உருட்டு? பார்த்துடலாம் வாங்க!

டூத்பேஸ்ட் கோடு: பச்சைன்னா இயற்கையா?

டூத்பேஸ்ட் டியூபின் அடிப்பக்கம் ஒரு சின்னக் கட்டம் இருக்கும். 'பச்சைன்னா முழுக்க இயற்கை, கறுப்புன்னா முழுக்க கெமிக்கல்' என்ற மெசேஜ் உங்க ஃபேமிலி குரூப்புக்கும் நிச்சயம் வந்திருக்கும். சுத்தப் பொய்!

அது மனுஷங்களுக்கான குறியே இல்ல, மெஷினுக்கானது. ஃபேக்டரியில் பேஸ்ட்டை டியூபின் அடிப்பக்கம் வழியாத்தான் நிரப்புவாங்க. பிறகு அந்தப் பக்கத்தை அழுத்தி சீல் வைக்கணும். டியூபை எந்தப் பக்கம் திருப்பி, எந்த இடத்தில் சீல் வைக்கணும்னு சென்சாருக்குக் காட்டுறதுதான் இந்தக் குறி. இதுக்குப் பேர் 'ஐ மார்க்'. டியூபின் நிறத்திலிருந்து பளிச்சுன்னு தனியாத் தெரியுற எந்த கலரும் இதுக்கு ஓகே. ஃபேஸ் க்ரீம், ஆயின்மென்ட் டியூப்களிலும் இதைப் பார்க்கலாம். பேஸ்ட்டுக்குள்ள என்ன இருக்குன்னு தெரியணும்னா, 'இன்கிரீடியன்ட்ஸ்' பட்டியலைத்தான் படிக்கணும்.

890-ன்னா மேட் இன் இந்தியாவா?

அடுத்த ஃபார்வர்டு, 'பார்கோடு 890-ல் ஆரம்பிச்சா இந்தியப் பொருள், 690-ல் ஆரம்பிச்சா சீனப் பொருள்.' இது பாதி உண்மை. 

உலகம் முழுக்க பார்கோடு எண்களைக் கொடுப்பது ஜிஎஸ்1 என்ற அமைப்பு. 890 என்பது அதன் இந்தியக் கிளை கொடுக்கும் எண் (இலங்கைக்கு 479). அதாவது, அந்த கம்பெனி இந்தியாவில் எண் வாங்கியிருக்கு, அவ்வளவுதான். அதே கம்பெனி பொருளை வெளிநாட்டில் தயாரிச்சு இறக்குமதி செஞ்சாலும் 890 இருக்கலாம். வெளிநாட்டு கம்பெனி இங்கேயே தயாரிக்கும் பொருளில் வேற எண்ணும் இருக்கலாம். இறக்குமதிப் பொருளா இருந்தா, எந்த நாட்டில் தயாரானதுன்னு பாக்கெட்டில் தனியா அச்சிட்டிருக்கணும். பார்க்க வேண்டியது அதைத்தான்.

பார்கோடு பற்றி இன்னொரு ட்ரிவியா. உலகில் முதன்முதலா ஸ்கேன் செய்யப்பட்ட பொருள் ஒரு சூயிங்கம் பாக்கெட்! 1974 ஜூன் 26-ல், அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊர் சூப்பர் மார்க்கெட்டில் 'ரிக்லீஸ்' சூயிங்கம்தான் அந்தப் பெருமையைப் பெற்றது.

13 இலக்க எண்ணின் கடைசி இலக்கம், முன்னாடி இருக்கும் 12 எண்களைச் சரிபார்க்க. உங்க கையில இருக்குற பொருளில் டெஸ்ட் பண்ணிப் பாருங்க. இடமிருந்து 1, 3, 5, 7, 9, 11-வது இடங்கள்ல இருக்கும் எண்களை இப்படியே கூட்டுங்க. 2, 4, 6, 8, 10, 12-வது இடங்களில் இருப்பதையும் கூட்டி, அதை 3-ஆல் பெருக்குங்க. ரெண்டையும் சேர்த்து வரும் தொகையோடு கடைசி இலக்கத்தைக் கூட்டினா, விடை பூஜ்யத்தில்தான் முடியும்!

முக்கியமா, பார்கோடுக்குள்ள விலை இருக்காது. ஸ்கேன் பண்ணினதும் கடையோட கம்ப்யூட்டரில் இருக்கும் விலைதான் பில்லில் ஏறும். அங்கே அப்டேட் பண்ணலைன்னா, ரேக்கில் ஒரு விலை, பில்லில் ஒரு விலைன்னு வரும். அதனால பில்லை ஒரு தடவை பார்த்துட்டு பணம் கொடுங்க.

'கூலிங்குக்கு ரெண்டு ரூபா எக்ஸ்ட்ரா!'

இது நம்ம எல்லாருமே கேட்ட டயலாக். எம்.ஆர்.பி என்பது எல்லா வரிகளும் சேர்ந்த அதிகபட்ச சில்லறை விலை. கடைக்காரர் அதுக்குக் கீழே எவ்வளவுக்கும் விற்கலாம், மேலே ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஃப்ரிட்ஜில் வச்சது, பஸ் ஸ்டாண்டு கடை, நைட்டு நேரம்... எந்தக் காரணமும் செல்லாது.

ஒரே ஒரு ட்விஸ்ட். ஹோட்டல், ரெஸ்டாரன்ட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது தண்ணீர் பாட்டிலுக்கு எம்.ஆர்.பி-யைவிட அதிகம் வாங்கலாம்னு 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. அங்கே பாட்டிலை மட்டும் விக்கலை, இடம், சர்வீஸ் எல்லாம் சேர்த்துக் கொடுக்குறாங்க என்பது காரணம்.

கடையில் அதிகம் கேட்டா, பில்லை வாங்கிக்கோங்க. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தமிழ்நாட்டில் எடையளவு சட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் தொழிலாளர் துறையிடமும் சொல்லலாம். 'ரெண்டு ரூபாய்க்கா சண்டை?'ன்னு தோணும். ஒரு நாளைக்கு நூறு பாட்டில் விற்கும் கடைக்கு அது தினமும் 200 ரூபாய், பாஸ்!

பெரிய பாக்கெட்தான் லாபமா?

எம்.ஆர்.பி பக்கத்தில் 'ஒரு கிராம் இவ்வளவு ரூபாய்'னு ஒரு குட்டி எண் இருக்கும். அதுதான் யூனிட் விலை. உதாரணத்துக்கு, 40 கிராம் சிப்ஸ் 10 ரூபாய்னா, கிராம் 25 பைசா. 180 கிராம் 'ஃபேமிலி பேக்' 50 ரூபாய்னா, கிராம் கிட்டத்தட்ட 28 பைசா. அப்போ பெரிய பாக்கெட்தான் நஷ்டம்! 

ஷாம்பூவிலும் பாட்டிலைவிட சாஷே மலிவா இருக்குறது உண்டு. சாஷே ஷாம்பூவைப் பிரபலமாக்கினதில் நம்ம கடலூர்க்காரர் சின்னி கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு இருக்கு. சாஷேயில் யூனிட் விலை அச்சாகலைன்னா, போன் கால்குலேட்டரில் விலையை எடையால் வகுத்துப் பாருங்க. விலையை ஏத்தாம எடையை மட்டும் குறைக்கும் 5 ரூபாய், 10 ரூபாய் பாக்கெட் டெக்னிக்கும் இதுல மாட்டிக்கும்.

தேதி முடிஞ்சா தூக்கிப் போடணுமா?

'பெஸ்ட் பிஃபோர்' வேற, 'எக்ஸ்பைரி' வேற. முதலாவது தரம் பற்றியது. அந்தத் தேதிக்குப் பிறகு பிஸ்கட்டின் மொறுமொறுப்பு, வாசனை குறையலாம். சரியா வச்சிருந்தா உடனே விஷமாகிடாது. ஆனா 'எக்ஸ்பைரி' அல்லது 'யூஸ் பை' என்பது பாதுகாப்பு பற்றியது. அந்தத் தேதி தாண்டினா நோ காம்ப்ரமைஸ், குப்பைக்குத்தான்.

கிரீம், மஸ்காராவில் மூடி திறந்த டப்பா படமும் '12எம்' என்ற எழுத்தும் இருக்கும். திறந்த நாளிலிருந்து 12 மாசம் பயன்படுத்தலாம்னு அர்த்தம். திறந்த தேதியை டப்பா அடியில் எழுதி வச்சுடுங்க.

சட்டுன்னு ஒரு ரவுண்டு

* பச்சை வட்டம் சைவம். அசைவத்துக்குப் பழைய பழுப்பு வட்டம் போய், பழுப்பு முக்கோணம் வந்தாச்சு. முட்டை சேர்த்த கேக்கும் அசைவக் கணக்குதான்.
* சிப்ஸ் பாக்கெட்டில் இருப்பது வெறும் காத்து இல்ல, நைட்ரஜன். எண்ணெய் சிக்கு வாடை அடிக்காம, சிப்ஸ் நொறுங்காம காப்பாத்தும். பாக்கெட் சைஸை நம்பாம எடையைப் பாருங்க.
* உணவுப் பாக்கெட்டில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ லோகோவுடன் 14 இலக்க எண் இருக்கணும். சந்தேகம்னா, அந்த அமைப்பின் இணையதளத்தில் சரிபார்க்கலாம்.

அடுத்த முறை கடைக்குப் போனா, கூடையில் போடுறதுக்கு முன்னாடி பாக்கெட்டை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. பத்து செகண்டு போதும்!