மேப்பிள் பாணி: நாற்பது லீற்றர் மரநீரில் ஒரு லீற்றர்

கனடாவிலிருந்து வரும் உறவினர்களின் பெட்டியில் சொக்லேட்டுகளோடு மேப்பிள் இலை வடிவப் போத்தல் ஒன்றும் அனேகமாக இருக்கும். ருசி பார்த்துவிட்டு, “எங்கட பாணி மாதிரித்தான்” என்று அலமாரியில் வைத்துவிடுவோம். ஒப்பீடு தவறில்லை. கருப்பணியைக் காய்ச்சிப் பாணி எடுப்பது போலத்தான் இதுவும். பனையில் ஏறிப் பாளை சீவ வேண்டும். மேப்பிளிலோ தரையில் நின்றபடியே அடிமரத்தில் ஐந்து சென்ரிமீற்றர் அளவு ஆழத்துக்குத் துளையிடுகிறார்கள்.

ஆனால் அந்த மரத்துக்குக் குளிர் வேண்டும். கோடையில் சேமித்த மாச்சத்து, குளிர்காலம் முடியும்போது சீனியாக மாறி நீரில் கலக்கிறது. இரவில் உறைநிலைக்குக் கீழும் பகலில் அதற்கு மேலும் வெப்பநிலை மாறிமாறி வந்தால் மரத்துக்குள் அழுத்தம் உண்டாகி, துளை வழியே நீர் வடியும். பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில், சில வாரங்கள்தான். மொட்டு விரியத் தொடங்கினால் ருசி கெட்டுவிடும். அன்றோடு பருவம் முடிந்தது.

வடியும் நீரில் சீனி இரண்டு வீதமளவே. பாணியில் 66 வீதம் இருக்க வேண்டும். ஆகவே ஒரு லீற்றர் பாணிக்கு ஏறத்தாழ 40 லீற்றர் மரநீர். முன்பு வாளி கட்டிச் சேர்த்து விறகடுப்பில் காய்ச்சினார்கள். இன்று காடு முழுவதும் பிளாஸ்டிக் குழாய்கள் ஓடுகின்றன. நீரின் பெரும்பகுதியை இயந்திரத்தால் வடிகட்டிப் பிரித்த பிறகே அடுப்பில் ஏற்றுகிறார்கள். பருவத் தொடக்கப் பாணி பொன்னிறம், கடைசிப் பாணி கருமை. ருசியும் அதற்கேற்பக் கூடும்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஐரோப்பியர் அல்லர். அனிஷினாபே, ஹொடனசோனி முதலிய பூர்வகுடிகள் மரப்பட்டைப் பாத்திரங்களில் நீர் சேர்த்துச் சீனி காய்ச்சினார்கள். குடியேறியவர்கள் அவர்களிடமிருந்தே கற்றார்கள். பின்னர் காடுகள் கைமாறின. பிள்ளைகள் வதிவிடப் பாடசாலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். பெற்றோரிடமிருந்து தொழில் பழகும் வழி பல குடும்பங்களில் அறுந்தது. 1965இல் மேப்பிள் இலை தேசியக் கொடியில் ஏறியது. போத்தலில் ஒட்டிய படங்களில் இந்தக் கதை இருப்பதில்லை.

இன்று உலகின் மேப்பிள் பாணியில் ஏறத்தாழ 70 வீதம் கியூபெக் மாகாணத்திலிருந்து வருகிறது. அங்கே உற்பத்தியாளர் சங்கம் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒதுக்கீடு வைத்து, விலையைக் காக்க மிகுதியைக் களஞ்சியப்படுத்துகிறது. ஒதுக்கீடு சுதந்திரத்தைப் பறிக்கிறது என்று முரண்படும் விவசாயிகளும் உண்டு. 2011, 2012இல் அந்தச் சேமிப்பிலிருந்து சுமார் 3,000 தொன் திருடப்பட்டது. மதிப்பு ஏறத்தாழ 18 மில்லியன் கனடிய டொலர். பல பீப்பாய்களில் பாணிக்குப் பதில் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள்! 2021இல் விளைச்சல் குறைந்தபோது, சேமிப்பில் ஏறத்தாழ பாதியைச் சந்தைக்கு விட வேண்டியிருந்தது.

வானிலைதான் இப்போது பெரிய கவலை. வசந்தம் முந்தி வந்தால் பருவம் சுருங்கும். 1998 ஜனவரியில் பெய்த உறைமழை ஏராளமான மேப்பிள்களை முறித்தது. துளையிடும் பருமனுக்கு ஒரு மரம் வளர 40 ஆண்டுகளளவு ஆகும். பதுங்குகுழிக்குத் தறித்த பனைகளின் இடத்தில் வடலி வளரக் காத்திருப்பவர்களுக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

போத்தல் கையில் கிடைத்தால் பின்பக்கத்தைப் படியுங்கள். மேப்பிள் பாணி மட்டும் என்றிருந்தால் அசல். சோளப்பாணியும் வாசனையும் சேர்த்தது மலிவு, ஆனால் மரத்திலிருந்து வந்ததல்ல. திறந்த பின் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியில் விட்டால் பூஞ்சணம் பிடிக்கும். நீரிழிவுக்காரருக்கு இதுவும் சீனிதான். தோசைக்கும் ஒத்துப்போகிறது, நான் சாப்பிட்டுப் பார்த்தேன்.