வம்சாவளியும் தலைக்கணக்கும்: இரண்டு காகிதங்களுக்கு நடுவே

மூதாதையரைத் தேடிப் போகிறவன் மூதாதையரைக் கண்டுபிடிப்பதில்லை, காகிதத்தைத்தான் கண்டுபிடிக்கிறான். ஸ்காட்லாந்துத் தலைக்கணக்கில் தொடங்கி இடைக்கால வேல்ஸின் ஏதோ ஒரு இளவரசனில் போய் முடியும் குடும்ப மரங்கள் நிறைய உண்டு. பார்க்கப் பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் கிளாஸ்கோ சந்தில் குடியிருந்த ஒரு நெசவாளிப் பெண்ணையும் 1170-இல் இறந்த ஒவைன் க்வினெத் என்ற மன்னனையும் ஒரே கோட்டில் நிறுத்துவது எது? ரத்தம் என்பார்கள். ரத்தத்துக்கு எழுதத் தெரியாதே. அப்ப எழுதினது யார், யாருக்காக?

முதலில் வேல்ஸ். 1188-இல் அந்த நாட்டைச் சுற்றி வந்த ஜெரால்டு என்ற பாதிரி, அங்கே சாதாரண ஆள்கூட ஆறேழு தலைமுறையைத் தாண்டியும் தன் வம்சத்தை ஒப்பிக்கிறான் என்று வியந்து எழுதினார். இதைக் குலப்பெருமை என்று மட்டும் படித்தால் தவறிப்போகும். ஹைவெல் தா என்ற பத்தாம் நூற்றாண்டு மன்னன் பேரில் வழங்கும் சட்டங்களில் 'கலனாஸ்' என்று ஒன்று உண்டு. கொலை நடந்தால் கொன்றவனின் சுற்றம், செத்தவனின் சுற்றத்துக்குக் கட்ட வேண்டிய ரத்த விலை அது. தூரத்துப் பங்காளிவரை ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரியும், தாய்வழிச் சுற்றத்துக்கும் பங்கு உண்டு. நிலமும் அப்படித்தான், மகன்களுக்குள் சமமாகப் பிரியும். ஆக வம்சாவளி என்பது அங்கே நினைவுச் சின்னம் அல்ல, பத்திரம். பாணர்கள் அதன் எழுத்தர்கள்.

சரி, எல்லாருக்கும் அந்தப் பத்திரம் இருந்ததா? 'பொன்ஹெத்திக்' என்ற வேல்ஸ் சொல்லுக்குக் குலம் உடையவன் என்று பொருள். பிற்பாடு அதுவே கனவானைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. அவனுக்கு எதிரில் நின்றவன் 'தையோக்', மண்ணோடு கட்டப்பட்ட அடிமைக் குடியானவன். பல அடிமைக் கிராமங்களில் நிலம் பரம்பரையாக இறங்கவில்லை. இருக்கிற ஆண்களின் தலையை எண்ணிச் சமமாகப் பிரித்துக் கொடுத்தார்கள். அப்பன் யார் என்ற கேள்வியே அங்கே நிலத்துக்குத் தேவைப்படவில்லை, தலை எண்ணிக்கை போதும். ஒருவனுக்கு வம்சம், இன்னொருவனுக்கு எண். தலைக்கணக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் பிறந்தது என்று யார் சொன்னது?

அரசர்களின் கதை வேறு. ஹைவெல் தாவின் மகன் ஒவைனுக்காகத் தொகுக்கப்பட்ட வம்சாவளி 1100 வாக்கில் எழுதப்பட்ட ஒரு சுவடியில் கிடைக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஏறிக் கடைசியில் அன்னா என்ற பெண்ணிடம் போய் நிற்கிறது. அவள் கன்னி மேரியின் உறவுக்காரியாம். அதிகாரம் தன் தொடக்கத்தைத் தேடும்போது எப்போதும் வானத்துப் பக்கம்தான் கை நீட்டுகிறது. 1536, 1543 ஆண்டுச் சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்து, நிலத்தைப் பங்கிடும் பழைய முறையையும் ஒழித்தன. வம்சாவளிக்கு இனி வழக்கில் வேலையில்லை. அந்தஸ்தில் வேலை வந்தது. 1586-இல் துணைக் கட்டியக்காரராக நியமிக்கப்பட்ட லூயிஸ் டன் நிலக்கிழார்களின் வீடு வீடாகப் போய் வம்சம் பதிந்தார். இன்று நாம் 'ஆதாரம்' என்று கையில் எடுப்பதில் பெரும்பகுதி இப்படிப் பண்ணை வீடுகளின் கூடத்தில் உருவானது.

இப்போது ஸ்காட்லாந்து. 1841-இல்தான் தலைக்கணக்கு ஒவ்வொருவர் பெயரையும் எழுதத் தொடங்கியது. பதினைந்துக்கு மேற்பட்டவர் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். இருபத்துநாலு வயதுக்காரி இருபது ஆகிவிடுவாள். வீட்டுத் தலைவனுக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறப்பு என்பதெல்லாம் 1851-இல்தான் வந்தது. 1861-இல் சன்னல் உள்ள அறைகள் எத்தனை என்று கேட்டார்கள். 1871-இல் குருடரா, செவிட்டூமையா, பைத்தியமா என்று கேட்டார்கள். கேலிக் மொழி பேசுவீர்களா என்ற கேள்விக்கு 1881 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் இயன் ஜான் ஆகிவிட்டான். மோரக் ஒரு தாளில் மாரியன், இன்னொரு தாளில் சாரா. இன்னார் மகன் இன்னார் மகன் என்று வாயால் சொல்லிவந்த கேலிக் வம்சாவளிக்கு அந்தத் தாளில் கட்டமே கிடையாது.

வராமல் போனவர்களையும் பார்க்க வேண்டும். 1814-இலும் 1819-இலும் சதர்லாந்தின் ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் செம்மறி ஆடுகளுக்காகக் குடிகளை விரட்டினார்கள். கூரைகள் எரிந்தன. பண்ணையின் ஆள் பேட்ரிக் செல்லர் மேல் 1816-இல் வழக்கு நடந்து விடுதலையும் ஆயிற்று. பெயர் எழுதும் கணக்கு வந்தபோது அந்த ஜனம் கடற்கரையிலோ கனடாவிலோ. விரட்டி முடித்த பிறகு எண்ண வந்தார்கள்.

இன்னொன்று. பழைய வேல்ஸ் சட்டத்தில் அப்பன் ஏற்றுக்கொண்டால் போதும், மணத்துக்கு வெளியே பிறந்த மகனுக்கும் நிலத்தில் பங்கு உண்டு. திருச்சபைக்கு அது உறுத்தலாகவே இருந்தது. 1855-இல் தொடங்கிய ஸ்காட்லாந்துப் பிறப்புப் பதிவிலோ அப்படிப்பட்ட குழந்தையின் பெயருக்குக் கீழே 'முறைதவறிப் பிறந்தது' என்று எழுதினார்கள். அப்பன் கூட வந்து கையெழுத்துப் போடாவிட்டால் அவன் பெயர்க் கட்டம் காலி. பண்ணை வீடுகளில் வேலைக்கு நின்ற பெண்கள் எத்தனையோ பேர் அந்தக் காலிக் கட்டத்தோடு வீடு திரும்பினார்கள். குடும்ப மரம் வரைகிறவர் அங்கே முட்டிக்கொண்டு, 'வழி அடைபட்டது' என்று வேறு கிளைக்குத் தாவிவிடுகிறார். அடைபட்டது வழியில்லை. அங்கேதான் வரலாறு இருக்கிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். இருபத்தைந்து தலைமுறை பின்னே போனால் மூதாதையர் இடங்கள் மூன்று கோடியே முப்பத்தைந்து லட்சத்துக்கு மேல். அன்றைய வேல்ஸின் மொத்த ஜனமே சில லட்சம்தான். ஒரே ஆட்கள் திரும்பத் திரும்ப அந்த இடங்களை நிரப்பியிருக்க வேண்டும். வேல்ஸ் வேர் கொண்ட எவருக்கும் இளவரசன் மூதாதையாக இருக்கலாம், அதில் அதிசயமில்லை. அந்த அளவுக்கு, அதைவிட அதிகமாகவே, தையோக்குகளும் மூதாதையர்தான். அவர்களைத் தேடிப் போக மட்டும் காகிதம் இல்லை. மரம் மேலே போகப் போக ஒற்றைக் கொம்பாக ஒடுங்குவது இதனால்தான். அது காகிதத்தின் பின்னால் போகிறது, காகிதம் நிலத்தின் பின்னால் போகிறது.

வம்சாவளி என்ற சொல்லையே தலைகீழாக்கி, தூய தொடக்கத்தைத் தேடாதே, சிதறலையும் தற்செயலையும் பார் என்றார் ஃபூக்கோ, 1971-இல் நீட்சேயைப் பற்றி எழுதியபோது. 1921-ஆம் ஆண்டுத் தாள்கள் 2022-இல் திறந்தன. யாரோ இப்போதும் அதில் தன் பெயரைத் தேடிக்கொண்டிருப்பார். தேடட்டும், ஆசை தப்பில்லை. இளவரசனைத் தொட்ட இடத்தில் மரத்தை முடிக்காமல், அந்தக் காலிக் கட்டத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, இதைக் காலியாக விட்டது யார் என்று கேட்டால் போதும்.