எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓ

குரல் ரவுட்டருக்குக் கார்டு தேர்ந்தெடுப்பவரைக் குழப்புவது இந்த இரண்டு பெயர்கள்தான். முதல் இரண்டு எழுத்துகள் ‘ஃபாரின் எக்ஸ்சேஞ்ச்’. அந்நியச் செலாவணியோடு இதற்குத் தொடர்பில்லை. இது வேற்றூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். அமெரிக்காவில் ஒரு நிறுவனம் தன் பகுதி எக்ஸ்சேஞ்சை விட்டு, இன்னொரு பகுதி எக்ஸ்சேஞ்சிலிருந்து லைன் இழுத்துக்கொள்ளும். அப்பகுதி வாடிக்கையாளர்கள் லோக்கல் கட்டணத்திலேயே அழைக்கலாம். அந்தச் சேவையின் பெயர் இது. அந்த நீண்ட லைனில் டெலிபோன் இருக்கும் முனை ‘ஸ்டேஷன்’, எக்ஸ்சேஞ்ச் இருக்கும் முனை ‘ஆஃபீஸ்’.

சேவை மங்கிவிட்டது, பெயர் கார்டில் ஒட்டிக்கொண்டது. போர்ட் எதைப் பார்த்து நிற்கிறதோ அதுவே அதன் கடைசி எழுத்து. டெலிபோனையோ ஃபேக்ஸையோ பார்ப்பது எஸ். மின்சாரம், டயல் டோன், மணி எல்லாம் அது தர வேண்டும். தொலைபேசி நிறுவனத்தின் லைனைப் பார்ப்பது ஓ. அதுவே ஒரு டெலிபோன்போல நடந்துகொள்ளும். சிஸ்கோவின் விஐசி2-2எஃப்எக்ஸ்எஸ், விஐசி2-2எஃப்எக்ஸ்ஓ இரண்டிலும் இரண்டிரண்டு போர்ட்கள், ஒரே மாதிரி ஆர்ஜே-11 சாக்கெட். சந்தேகம் வந்தால், ரவுட்டர் ஓடும்போது வெறும் போர்ட்டில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். வோல்டேஜ் காட்டினால் அது எஸ்.