கேள்வியிலிருந்து கண்ணுக்கு: யார்பஸின் ஏழு தடங்கள், ஒரு மறுவாசிப்பு

காட்சிப் புலனறிதல் பற்றிய பாடநூல் எதைப் புரட்டினாலும் கண்ணசைவு அத்தியாயத்தில் ஒரு படம் இருக்கும். மூலையில் இலியா ரெப்பினின் ஓவியம். பக்கத்தில் ஒரே பார்வையாளரின் கண் இழுத்துவிட்ட ஏழு கோட்டுச் சிக்கல்கள். ஆல்ஃபிரட் யார்பஸ் 1965இல் ரஷ்ய மொழியில் எழுதி, 1967இல் ஆங்கிலத்துக்குப் போன நூலின் 109ஆம் படம் அது. அதன் கீழே பாடநூல்கள் எழுதும் விளக்கம் ஏறத்தாழ ஒன்றுதான்: கண் போன தடத்தைப் பார்த்தால் பார்ப்பவரின் மனத்தில் ஓடும் வேலையைச் சொல்லிவிடலாம். படத்தின் மீது இக்கட்டுரைக்குக் குறையில்லை. மறுப்பு அந்த விளக்கத்தின் மீதுதான்.

யார்பஸ் காட்டியது, கேட்ட கேள்வி கண்ணை எங்கே அனுப்புகிறது என்பதை. கண் நின்ற இடத்திலிருந்து கேள்விக்குத் திரும்பி வர வழி இருக்கிறதா என்பது தனியாக நிறுவப்பட வேண்டிய ஒன்று. முன்னது உண்மையென்றால் பின்னதும் உண்மையாகத்தான் இருக்கும் என்று ஒரு பெரும் ஆய்வு மரபு எடுத்துக்கொண்டது. 2012 முதல் நடக்கும் சச்சரவு முழுவதும் அந்த அனுமானத்தின் மேல் எழும்பியது.

முதலில் சான்றைப் பார்க்கலாம். மாஸ்கோவில் பணியாற்றிய யார்பஸ், விழியின் மேல் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும் சிறு கிண்ணங்களைத் தானே வடிவமைத்தார். கிண்ணத்தில் ஒரு துளி ஆடி. விழி மரத்துப்போக மருந்து, இமை மூடாமலிருக்க ஒட்டுப்பட்டை, தலை அசையாமலிருக்கத் தாங்கி. ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி ஒளியுணர் தாளில் கோடு இழுக்கும். இந்த நிலையில் ஒருவர் கண் சிமிட்டாமல் மூன்று நிமிடம் ஓவியத்தைப் பார்த்தார். பிறகு அதே ஓவியத்தை, ஒவ்வொரு முறையும் ஒரு புதிய கேள்வியோடு. கண் ஓரிடம் விட்டு இன்னோரிடத்துக்குப் பாயும் தாவல் வினாடிக்குச் சுமார் மூன்று என்று வைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு தடத்திலும் ஐந்நூறுக்கு மேற்பட்ட நிலைப்புகள், அதாவது கண் தங்கிய தருணங்கள், அடங்கியிருக்கின்றன. எது முதலில், எது பிறகு என்பது தாளில் இல்லை. ஐந்நூறு நிலைப்புகளும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து கிடக்கின்றன.

ரெப்பின் 1884 முதல் 1888 வரை வரைந்து திருத்திய அந்த ஓவியம் மாஸ்கோவின் திரெத்யகோவ் கலைக்கூடத்தில் இருக்கிறது. ‘எதிர்பார்க்கவில்லை’ என்பது பெயர். அரசியல் காரணத்தால் தொலைவில் அடைபட்டிருந்த ஒருவர், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் நுழைகிறார். கறுப்பு உடை அணிந்த தாய் நாற்காலியிலிருந்து எழுகிறார். நமக்குத் தெரிவது பெரும்பாலும் அவர் முதுகு. பியானோ பக்கம் இருக்கும் பெண் திரும்பிப் பார்க்கிறார். மேசையருகே பையனின் முகம் மலர்ந்துவிட்டது; சிறுமியோ இது யார் என்று மிரண்டு பார்க்கிறாள். கதவைப் பிடித்தபடி பணிப்பெண். ரெப்பின் நுழைபவரின் முகத்தைத் திரும்பத் திரும்ப மாற்றி வரைந்தார் என்பது ஓவிய வரலாற்றில் பதிவான செய்தி. ஓவியத்தின் கதை முழுக்க முகத்துக்கும் முகத்துக்கும் நடுவில் தொங்குகிறது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் தடங்களைப் படிக்க வேண்டும்.

கேள்வி ஏதுமின்றிப் பார்த்தது ஒரு தடம். மற்ற ஆறுக்கும் ஒவ்வொரு பணி: குடும்பத்தின் பொருளாதார நிலையை மதிப்பிடுதல், ஒவ்வொருவரின் வயதைச் சொல்லுதல், வந்தவர் நுழைவதற்கு முன் வீட்டார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று ஊகித்தல், உடைகளை நினைவில் வைத்தல், ஆட்களும் பொருட்களும் இருந்த இடத்தை நினைவில் வைத்தல், வந்தவர் எவ்வளவு காலம் வெளியே இருந்தார் என்று கணித்தல்.

பொருளாதார நிலையைக் கேட்டபோது கண் பெண்களின் உடையிலும் நாற்காலி, மேசை விரிப்பு போன்றவற்றிலும் அலைந்தது. முன்பு என்ன நடந்தது என்று கேட்டபோது மேசைமேல் கிடந்த பொருட்களுக்கும் கைகளுக்கும் இசைக்குறிப்புத் தாளுக்கும் போனது. வயதைக் கேட்டபோது முகங்களில் குவிந்தது. எவ்வளவு காலம் வெளியே இருந்தார் என்று கேட்டபோதும் முகங்களில்தான் குவிந்தது.

இந்தக் கடைசி இரண்டும்தான் வழக்கின் முடிச்சு. இரண்டு கேள்விக்கும் விடை முகத்தில் இருக்கிறது. ஆனால் வயதுக்கான விடை ஒவ்வொரு முகத்திலும் தனித்தனியாக இருக்கிறது. பிரிவின் நீளத்துக்கான விடை எந்த ஒரு முகத்திலும் இல்லை. குழந்தைகள் வந்தவரை அடையாளம் கண்டுகொண்டார்களா என்று பார்த்தாக வேண்டும். அதனால் கண் குழந்தைகளின் முகத்துக்கும் வந்தவர் முகத்துக்கும் இடையே விடாமல் போய் வருகிறது. யார்பஸ் இதைக் கவனித்து, காரணத்தையும் ஏறத்தாழ இப்படியே எழுதியிருக்கிறார். அடையாளம் கண்டதா, காணவில்லையா என்பது ஒரு ஒப்பீடு. அந்த ஒப்பீடு கண்ணசைவில் இடமாக அல்ல, போக்குவரத்தாக வெளிப்படுகிறது.

யார்பஸ் கோரியது என்ன என்பதையும் இங்கே அளந்து சொல்ல வேண்டும். கண்ணசைவு சிந்தனையின் போக்கைக் காட்டுகிறது, எனவே சிந்தனையை ஓரளவுக்குப் பின்தொடரலாம் என்கிறார். பின்தொடர்வது எப்படி என்பதையும் சேர்த்தே சொல்கிறார்: எந்தக் கூறுகள் கண்ணை இழுத்தன, எந்த வரிசையில், எத்தனை முறை. அவ்வளவுதான். தடத்தை மட்டும் கையில் கொடுத்தால் கேள்வியைக் கண்டுபிடித்துவிடுவேன் என்று அவர் எங்கும் பந்தயம் கட்டவில்லை. அவர் விளக்கங்கள் எல்லாமே கேள்வி இன்னதென்று முன்பே தெரிந்த ஒருவர் செய்யும் விளக்கங்கள். வரிசைக்கும் எண்ணிக்கைக்கும் அவர் கொடுத்த முக்கியத்துவத்துக்கு நூலிலேயே வேறு சான்றும் உண்டு. ஒரே பதிவைக் காலத் துண்டுகளாகப் பிரித்துக் காட்டும் படத்தில், கூடுதல் நேரம் கிடைக்கும்போது கண் புதிய மூலைகளைத் தேடிப் போவதில்லை, முக்கியமான கூறுகளுக்கே சுற்றிச் சுற்றி வருகிறது என்று காட்டியிருக்கிறார்.

பிற்காலச் சச்சரவு இந்த அளவைத் தாண்டித்தான் தொடங்கியது. 2012இல் மிஷெல் கிரீன், டாமி லியூ, ஜெரமி வுல்ஃப் மூவரும் யார்பஸைச் சோதனைக்கு இழுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், ஒவ்வொன்றுக்கும் 10 வினாடி, நான்கு பணிகள். தடத்தின் அளவுகளைக் கொண்டு ஒரு வகைப்படுத்தும் நிரலைப் பயிற்றினார்கள். எந்தப் படம் என்று நிரல் சொன்னது. பார்த்தவர் யார் என்றும் சொன்னது. என்ன பணி என்று மட்டும் சொல்ல முடியவில்லை. பார்க்கும் நேரத்தை 60 வினாடியாக நீட்டியும் முடிவு மாறவில்லை. தடங்களைப் பார்த்த மனிதர்களாலும் பணியை ஊகிக்க முடியவில்லை. யார்பஸின் படம் மயக்கும் படம், அவ்வளவே என்ற தொனியில் அக்கட்டுரை முடிகிறது.

இரண்டு ஆண்டுகளில் அலி போர்ஜியும் லாரண்ட் இட்டியும் யார்பஸுக்காக வழக்காட வந்தார்கள். அதே தரவை வேறு நிரலில் போட்டு 34.12 சதவீதம் சரியாகச் சொல்ல முடிகிறது என்றார்கள். நான்கில் ஒன்று என்ற குருட்டு ஊகத்தின் அளவு 25 சதவீதம். பிறகு 21 பேரை வைத்து, 15 காட்சிகளில், யார்பஸின் ஏழு பணிகளையே கொடுத்து 24.21 சதவீதம் எட்டினார்கள். அங்கே ஊகத்தின் அளவு 14.29. புள்ளியியல்படி இது தற்செயல் அல்ல என்பதில் ஐயமில்லை. யார்பஸ் காப்பாற்றப்பட்டார் என்று பலர் எழுதினார்கள்.

எதிலிருந்து காப்பாற்றப்பட்டார்? நான்கு பணிகளில் மூன்றில் இரண்டு பங்கு தவறாகவும், ஏழு பணிகளில் நான்கில் மூன்று பங்கு தவறாகவும் சொல்லும் ஒரு கருவியை மனத்தைப் படிக்கும் கருவி என்று யாரும் ஏற்க மாட்டார்கள். இரு தரப்பும் சதவீதத்தைப் பற்றித்தான் சண்டையிட்டன. கேள்வி சரியா என்பதை விட்டுவிட்டன. நிலைப்புகள் எத்தனை, சராசரி நீளம் எவ்வளவு, தாவலின் தூரம் எவ்வளவு, முகத்தில் மொத்தம் எவ்வளவு நேரம் என்று படம் முழுவதற்குமாகக் கூட்டிச் சுருக்கும் அளவுகளில், எந்த முகத்திலிருந்து எந்த முகத்துக்குக் கண் போனது என்பது கரைந்துபோகிறது. வயதையும் பிரிவின் நீளத்தையும் வேறுபடுத்துவது அந்தப் போக்குவரத்து ஒன்றுதான். அதைத் தூக்கியெறிந்துவிட்டு, வேறுபாடு தெரியவில்லை என்று அறிவிப்பது நியாயமில்லை. 60 வினாடி கொடுத்தும் பலனில்லை என்ற வாதமும் இதனால் வலுவிழக்கிறது: சுருக்கும் முறை அதுவாகவே இருக்கும்வரை நேரத்தை நீட்டி ஆவதொன்றுமில்லை. தாவல்களின் வரிசையைக் கணக்கில் எடுக்கும் நிகழ்தகவு மாதிரிகளும் அதே 2014இல் வந்துவிட்டன. அவற்றின் பாதை நம்பிக்கையூட்டுவது. ஆயினும் அவையும் தடத்திலிருந்து பணிக்குத் திரும்பும் வழியையே தேடுகின்றன.

ஒரே ஒரு பார்வையாளர் என்ற ஆட்சேபம் அடிக்கடி எழுகிறது. கேள்வி மாறினால் கண் மாறக்கூடும் என்று நிறுவ ஒருவர் போதும். தவிர, 2009இல் மரியான் டீஏஞ்சலஸும் ஜெஃப் பெல்ஸும் இன்றைய கருவியோடு, பலரை வைத்து யார்பஸின் சோதனையைத் திரும்பச் செய்தார்கள், போக்கு நிலைத்தது. பார்வையாளர்கள் தாமாக எடுத்துக்கொண்ட நேரம் மூன்று நிமிடத்துக்கு வெகுவாகக் குறைந்தது. அதே ஓவியத்தை ஏழு முறை பார்த்ததால் பழைய நினைவு கலந்திருக்கும் என்ற ஆட்சேபத்துக்கு அதிக எடை உண்டு. கடைசித் தடங்களில் கண் எங்கே போக வேண்டும் என்று முன்பே தெரிந்துகொண்டு போயிருக்கலாம். ஆனால் அது கேள்வியிலிருந்து கண்ணுக்குப் போகும் நேர்வழி வாசிப்பைக் கெடுக்கவில்லை. கண்ணிலிருந்து கேள்விக்குத் திரும்பும் எதிர்வழி வாசிப்பைத்தான் இன்னும் பலவீனமாக்குகிறது.

எதிர்வழி ஏன் அடைபடுகிறது என்பதற்கு வலுவான சான்று யார்பஸிடமிருந்து வரவில்லை, மருத்துவப் படங்களிலிருந்து வருகிறது. 2013இல் டிராஃப்டன் ட்ரூவும் உடனாய்வாளர்களும் 24 கதிரியக்க மருத்துவர்களிடம் நுரையீரல் சி.டி. படங்களைக் கொடுத்து முடிச்சுகளைத் தேடச் சொன்னார்கள். கடைசிப் படவரிசையில் சராசரி முடிச்சைப்போல் 48 மடங்கு பெரிய கொரில்லா உருவம் ஒன்றைச் செருகியிருந்தார்கள். 83 சதவீதம் பேர் அதைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அப்படித் தவறவிட்டவர்களில் பெரும்பாலோரின் கண் அந்த உருவத்தின்மேலேயே போயிருந்தது. கண் பதிவில் அந்த இடம் இருக்கிறது, மனத்தில் இல்லை. தடத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும் எந்த நிரலும் அவர்கள் கொரில்லாவைக் கண்டுவிட்டார்கள் என்றே தீர்ப்பு எழுதும்.

நேர்வழியோ எங்கு சோதித்தாலும் உறுதியாக நிற்கிறது. யார்பஸுக்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே, 1935இல், சிகாகோவின் கை பஸ்வெல் ஒரு கோபுரக் கட்டடத்தின் படத்தை முதலில் சும்மா பார்க்கச் சொல்லிவிட்டு, பிறகு சன்னல் ஒன்றிலிருந்து எட்டிப் பார்க்கும் ஆளைத் தேடச் சொன்னார். பதிவின் வடிவமே மாறியது. பஸ்வெல்லைப் பாடநூல்கள் இவ்வளவு எளிதாக மறந்தது வருத்தத்துக்குரியது. 1999இல் மைக்கேல் லேண்டும் உடனாய்வாளர்களும் சமையலறையில் தேநீர் போடுபவர்களின் கண்ணைப் பதிவு செய்தார்கள். வேலைக்குச் சம்பந்தமில்லாத பொருட்கள்மேல் விழுந்த பார்வை 5 சதவீதத்துக்கும் குறைவு. கை ஒரு பொருளைத் தொடுவதற்குச் சுமார் அரை வினாடி முன்பே கண் அங்கே போய்விடுகிறது. இங்கே தடத்தைக் கொண்டு வேலையைச் சொல்லிவிடலாமே என்று வாதிடலாம். சொல்லலாம்தான். கெண்டியும் கோப்பையும் தேநீருக்கென்றே இருக்கும் பொருட்கள். வேறு வேலைக்கு அந்த வரிசை வராது. படிப்பதையும் தேடுவதையும் மனப்பாடம் செய்வதையும் 2013இல் ஜான் ஹெண்டர்சன் குழு கண்ணசைவிலிருந்து பிரித்தறிந்ததும் இதே காரணத்தால்தான். பணிகள் தம் இடங்களையோ தாளத்தையோ பங்கிட்டுக்கொள்ளாதபோது எதிர்வழி திறக்கிறது. ஒரே முகத்தை இரண்டு கேள்விகள் பங்கிட்டுக்கொள்ளும்போது மூடிக்கொள்கிறது.

இந்த வேறுபாடு ஆய்வக விவகாரமாக மட்டும் இல்லை. இணையவழித் தேர்வுகளைக் கண்காணிக்கும் மென்பொருள்கள், திரையை விட்டு விலகும் மாணவரின் பார்வையைச் சந்தேகக் குறியாகப் பதிவு செய்கின்றன. கணக்கை மனத்தில் போடும் பிள்ளையும் மேலே பார்க்கிறது, சுவரில் ஒட்டிய தாளைப் பார்க்கும் பிள்ளையும் மேலே பார்க்கிறது. இடம் ஒன்று, கேள்வி இரண்டு. 109ஆம் படத்தைக் காட்டி இத்தகைய கருவிகளுக்கு அறிவியல் அடித்தளம் தேடுபவர்கள் அந்தப் படத்தில் இல்லாத ஒன்றை எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஒரு மாணவரின் மதிப்பெண்ணை அந்த ஊகத்தின்மேல் வைப்பது அநீதி.

இங்கே முன்வைக்கப்பட்ட வாசிப்பைப் பொய்ப்பிக்கும் வழி எளிது. ரெப்பினின் அதே ஓவியம். ஒருவருக்கு ஒரே கேள்வி, இரண்டாம் முறை பார்ப்பது கிடையாது. பாதிப் பேருக்கு வயது, பாதிப் பேருக்குப் பிரிவின் நீளம். முகங்களில் செலவான மொத்த நேரம் இரு குழுவிலும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும். குழந்தைகளின் முகத்துக்கும் வந்தவர் முகத்துக்கும் இடையிலான தாவல்கள் இரண்டாம் குழுவில் தெளிவாகக் கூடியிருக்க வேண்டும். முதுகு காட்டி நிற்கும் தாயிடம் இந்தக் கூடுதல் போக்குவரத்து அவ்வளவாக இருக்கக் கூடாது, ஏனெனில் அடையாளம் கண்டாரா என்று சொல்லும் அளவுக்கு அவர் முகம் நமக்குத் தெரிவதில்லை. தாவல்கள் இரு குழுவிலும் ஒரே அளவாக வந்தால் இக்கட்டுரையின் வாதம் விழும்.