கிபிருக்கு என்ன நிறம்? மாதிரிப் போர்விமானங்களுக்குச் சரியான வர்ணத்தைத் தெரிவு செய்தல்

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கிபிர் என்றால் முதலில் ஒரு சத்தம், அடுத்தது பங்கர். அதன் நிறம் என்ன என்று கேட்டால் பலரிடம் பதில் இருக்காது. ஆனால் அதே விமானத்தின் பிளாஸ்ரிக் மாதிரியை மேசையில் வைத்து ஒட்டி, அதற்குரிய நிறத்தை மாதக்கணக்கில் தேடுபவர்கள் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள்.

லண்டனில் பிறந்த என் அக்காவின் மகன் 1:72 அளவில் ஒரு கிபிர் கிட் வாங்கினான். "மாமா, இதுக்கு என்ன கலர் அடிக்கிறது? அம்மாட்டக் கேட்டா தெரியாது எண்டு சொல்றா" என்றான். அக்கா கிபிரைப் பார்த்ததை விடக் கேட்டதே அதிகம். ஊடகக் கற்கையில் ஒரு படத்தைச் சரிபார்க்கப் படித்த முறை எனக்கு இந்தத் தேடலில் உதவியது. இதே கேள்வி உள்ள பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்று, கற்றவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்.

எந்த விமானம், எந்த ஆண்டு?

கிபிர் இஸ்ரேலின் தயாரிப்பு. பிரான்சின் மிராஜ் 5 விமானத்தின் வடிவமைப்பில் அமெரிக்காவின் ஜே79 இயந்திரத்தைப் பொருத்தி உருவாக்கினார்கள். 1975இல் இஸ்ரேலிய விமானப்படையில் சேர்ந்தது. எபிரேய மொழியில் கிபிர் என்றால் சிங்கக்குட்டி. 1980களில் அமெரிக்கக் கடற்படை இதைப் பயிற்சிக்காக வாடகைக்கு எடுத்தது. கொலம்பியாவும் எக்குவடோரும் வாங்கின. இலங்கை விமானப்படைக்கு 1996இல் வந்து சேர்ந்தது.

எனவே "கிபிரின் நிறம்" என்று ஒன்று இல்லை. நாடு, ஆண்டு, விமானத்தில் எழுதப்பட்ட இலக்கம் ஆகிய மூன்றையும் முடிவு செய்த பிறகே வர்ணம் வாங்க வேண்டும். இலங்கைக் கிபிர்களின் இலக்கம் 'சி.எஃப்.' என்று தொடங்கும். இஸ்ரேலின் நிறத்திட்டத்தை அப்படியே பூசிவிட்டு இலங்கை அடையாளத்தை ஒட்டுவது சரியாகாது. அந்த இலக்கமுள்ள விமானத்தின் படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இலக்கத்தால் நிறத்தை அறிதல்

"பச்சை", "மண்ணிறம்" என்ற பெயர்கள் போதாது. மாதிரி செய்பவர்கள் அமெரிக்காவின் எஃப்.எஸ். 595 என்ற தரநிலையின் ஐந்து இலக்க எண்களைப் பயன்படுத்துகிறார்கள். முதல் இலக்கம் பளபளப்பைக் குறிக்கும்: 1 பளபளப்பு, 2 அரைப் பளபளப்பு, 3 மங்கல். இரண்டாவது நிறக்குடும்பம்: 0 மண்ணிறம், 3 மஞ்சள், 4 பச்சை, 5 நீலம், 6 சாம்பல். கடைசி மூன்றும் ஏறத்தாழ வெளிச்சத்தைக் காட்டும். எண் கூடக்கூட நிறம் வெளிறும்.

இஸ்ரேலின் பழைய பாலைவன உருமறைப்புக்கு மேற்பக்கத்தில் 33531 மணல்நிறம், 30219 மண்ணிறம், 34227 வெளிர்பச்சை ஆகிய மூன்றும் வரும். அடிப்பக்கத்துக்கு 35622 வெளிர்நீலம். ஜப்பானின் மிஸ்டர் ஹொபி வர்ண வரிசையின் எச்313, எச்310, எச்312, எச்314 போத்தல்கள் முறையே இவற்றுக்குரியவை. ஒரு இலக்கம் மாறி 36622 வாங்கினால், வியட்நாம் போர்க்கால அமெரிக்க விமானங்களின் அடிப்பக்கத்துச் சாம்பல்தான் கிடைக்கும்.

படத்தை நம்பும் முன்

காலை வெயிலும் மாலை வெயிலும் ஒரே சாம்பலை இரண்டு நிறமாகக் காட்டும். பழைய பிலிம் படங்கள் காலப்போக்கில் சிவந்தோ மங்கியோ போயிருக்கும். கைபேசித் திரைகளும் ஒன்றைப்போல் ஒன்று காட்டுவதில்லை. ஆகவே திரையிலிருந்து நிறத்தை எடுக்காதீர்கள். படத்தில் நிறம் தெரிந்த பொருள் ஒன்றைத் தேடுங்கள்: கறுப்பு ரயர், வெள்ளைக்கோடு, சீமெந்துத் தரை. அது சரியாகத் தெரிந்தால் விமானத்தின் நிறத்தையும் ஓரளவு நம்பலாம். வெவ்வேறு நாட்களில் எடுத்த இரண்டு, மூன்று படங்களை ஒப்பிடுங்கள். படம் எடுத்த திகதியையும் பாருங்கள். வெப்பமண்டல வெயிலிலும் ஈரத்திலும் பூச்சு மங்கும், இடையிடையே திருத்தியும் பூசுவார்கள்.

பூசும்போது

கிபிரின் நீளம் சுமார் 15.65 மீற்றர். 1:72 மாதிரியில் அது 22 சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. தூரத்தில் உள்ள பொருளின் நிறம் காற்றினூடாக வெளிறித் தெரிவதால், சிறிய மாதிரியில் உண்மை நிறத்தை அப்படியே பூசினால் இருண்டுபோகும். பலர் 1:72க்கு 15 வீதமளவிலும் 1:48க்கு 10 வீதமளவிலும் வெள்ளையோ வெளிர்சாம்பலோ கலக்கிறார்கள். இது கண்கணக்குத்தான், கட்டாய விதி அல்ல. முதலில் ஒரு பிளாஸ்ரிக் கரண்டியில் பூசி, நன்றாகக் காயவிட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது தெரியும் நிறம் காய்ந்ததும் மாறும்.

நிறம் யாருக்காக?

மேற்பக்கத்து மண்ணிறமும் பச்சையும், மேலே பறக்கும் எதிரி விமானியின் கண்ணுக்கு நிலத்தோடு கலந்து தெரிவதற்காக. இஸ்ரேலியக் கிபிர்களில் கறுப்பு ஓரமிட்ட பெரிய முக்கோணங்கள் இருந்தன. அரபு நாடுகளின் மிராஜ் என்று நினைத்துத் தங்கள் ஆட்களே சுட்டுவிடாமலிருக்க அவற்றைப் போட்டார்கள். அடிப்பக்கத்து வெளிர்நீலம் கீழே நிற்பவருக்காகப் பூசப்பட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தால் வானம் மட்டுமே தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

கிட் பெட்டிக்குள் வரும் தாளில் நிறத்தின் எண்ணும் படையணியின் பெயரும் இருக்கும். அந்த விமானத்துக்குக் கீழே யார் இருந்தார்கள் என்பது இருக்காது. 2006 ஓகஸ்ட் 14 காலை வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தின் மீது விமானப்படை ஜெட்கள் குண்டு வீசியதில் பாடசாலை மாணவிகள் பலர் கொல்லப்பட்டார்கள். ஒரு சாம்பலுக்கும் இன்னொரு சாம்பலுக்கும் வித்தியாசம் தேடும் அதே கவனம் இந்தத் திகதிகளுக்கும் இடங்களுக்கும் பெயர்களுக்கும் உரியது.

மருமகனுக்கு நான் சொன்னது ஒன்றுதான். மாதிரியை வைக்கும் பலகையில் விமானத்தின் வகை, இலக்கம், ஆண்டு ஆகியவற்றை எழுதுவது வழக்கம். அதற்குக் கீழே ஒரு வரி இடம் விடு. அம்மா அந்தச் சத்தத்தைக் கேட்ட ஊரையும் திகதியையும் அவளிடம் கேட்டு எழுது.