கடற்கரை நிலம் கைமாறினால்...

போர்ட்டிக்சனில் கடலோர நிலம் ஒன்று விலைபோகிறது என்ற பேச்சு எழுந்தால், எத்தனை மில்லியன் வெள்ளி என்றுதான் முதலில் விசாரிப்போம். நிலம் யாருடையது, விற்க யாருக்கு உரிமை என்பது பிறகுதான் நினைவுக்கு வரும்.

சிரம்பானைச் சுற்றியுள்ள தோட்டத்து மக்களுக்கும் பட்டணத்து மக்களுக்கும் அருகிலுள்ள கடல் அது. பள்ளி விடுமுறைக்கு வேன் பிடித்துப் போவது அங்கே. ஆடி அமாவாசைக்குத் திதி கொடுப்பதும் அஸ்தி கரைப்பதும் அங்கேதான்.

மலேசியாவில் நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் கரையில் ஒரு கோடு போடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருக்கில் நீர் ஏறும் மட்டமே அந்தக் கோடு. (திதி கொடுக்கும் நாளைத்தான் சட்டமும் பார்த்திருக்கிறது!) அதற்கும் நீர் வற்றும் மட்டத்துக்கும் இடைப்பட்ட கரையை 99 ஆண்டுகளுக்கு மேல் எவருக்கும் வழங்க முடியாது. கடல் அரித்துத் தனியார் நிலத்துக்குள் புகுந்தால், நீர் கொண்ட பகுதி மீண்டும் அரசு நிலமாகிவிடும்.

சிக்கல் கோட்டுக்கு மேலேதான். மரநிழலும் கார் நிறுத்துமிடமும் உள்ள அந்த மணல்வெளியை மாநில அரசு தனியாருக்கு வழங்கலாம். வேலி வந்துவிட்டால் கடல் பொதுச்சொத்தாகவே இருக்கும், ஆனால் போக வழி இருக்காது. நீர் ஏறிய நேரத்தில் நிற்கவும் இடம் இருக்காது.

பொதுப் பயன்பாட்டுக்கென அரசாங்கப் பதிவேட்டில் ஒதுக்கப்பட்ட 'ரிசாப்' நிலத்துக்குப் பாதுகாப்பு கூடுதல். 64ஆம் பிரிவின்படி ஒதுக்கீட்டை நீக்கும் முன் நில அலுவலகம் விசாரணை நடத்த வேண்டும். அங்கே ஆட்சேபம் சொல்லலாம். கட்டட அனுமதிக் கட்டம் வரை காத்திருப்பது ஆபத்து. உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்தில், 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி பக்கத்து நில உரிமையாளர்களுக்குத்தான் கடிதம் போகும். ஆண்டுக்கு நான்கு முறை வந்துபோகும் தோட்டத்துக் குடும்பத்துக்கு யாரும் எழுத மாட்டார்கள்.

மக்கள் எதிர்ப்பு பலித்ததும் உண்டு. 2003இல் சென்னை மெரினா கடற்கரையை மேம்படுத்தத் தமிழக அரசு கைகோத்தது நம் நாட்டுக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தோடு. மீனவர்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு, கடலைப் பார்த்து நிற்கும் இராணி மேரி கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்டும் முயற்சியை மாணவிகளின் போராட்டம் தடுத்தது. 1914இல் தொடங்கிய கல்லூரி அது.

இங்கே தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் பணத்தில் தோட்டம் வாங்கினார். கடற்கரையை அப்படிக் காசு சேர்த்து வாங்க முடியாது. ஆட்சேபம் ஒன்றே வழி.

அதற்கு லாட் எண் வேண்டும். பட்டா உள்ள நிலமென்றால், கட்டணம் செலுத்தி நில அலுவலகத்தில் எவரும் தேடிப் பார்க்கலாம்; உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. பட்டா இல்லாத நிலமென்றால், அது ரிசாப் நிலமா என்று எழுத்து மூலம் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.